ஊனமில் யோனி

அம்மா அறந்தாங்கியிலிருந்து தென்னாப்பிரிக்காவில் நான் இருக்கும் டர்பனுக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஜூலை மாதம், இங்கே குளிர்காலம். துணி காயப்போடக் கொல்லைப்பக்கம் போனேன். கொடியின் கோடியில், ஒரு துண்டுக்கு அடியில் மறைத்தாற்போல ஏதோ தொங்கியது. அம்மாவின் பழைய சுங்குடிப் புடவை. அதை நாலாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் மூன்றாக மடித்து, ஓரத்தில் கைத்தையல் போட்டிருந்தாள். நடுவில் துவைத்தும் போகாத பழுப்புக் கறை.

அம்மாவுக்கு 64 வயது. தீட்டு நின்று பதினான்கு வருஷம் ஆகிறது.

கேட்டதற்கு, "அது சும்மாத்தா, பழந்துணி" என்றாள். விடாமல் கேட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம், கீரை ஆய்ந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "கீழ ஒரு தொந்தரவு."

"கீழன்னா எங்கம்மா?"

"கீழதான்."

அதற்கு மேல் அவளிடம் சொல் இல்லை. மூன்று பிள்ளை பெற்றவள். ஊரில் எத்தனையோ பிரசவத்துக்குக் கூடமாட நின்றவள். அவளுக்கே அந்த இடத்துக்கு ஒரு பெயர் இல்லை. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

மறுநாள் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அங்கே இருந்த சிஸ்டர் ஜூலு பேசும் அம்மா, என் வயதுதான் இருக்கும். என் அம்மாவைப் பார்த்ததும் "கோகோ" என்று கூப்பிட்டார். ஜூலுவில் பாட்டி. நான் மொழிபெயர்ப்பாளராக நடுவில் உட்கார்ந்தேன்.

"கோகோவுக்கு எங்கே தொந்தரவு?"

"அடிவயிறு" என்றாள் அம்மா. நான் அப்படியே சொன்னேன். சிஸ்டர் எழுதிக்கொண்டு, சாப்பாடு இறங்குகிறதா, நெஞ்செரிச்சல் உண்டா, வெளிக்குச் சரியாகப் போகிறதா என்று கேட்க ஆரம்பித்தார். எனக்குப் பகீரென்றது. ஊரிலும் இதே பாதையில்தான் போயிருக்கிறது. போன வருஷம் அங்கே ஒரு மருத்துவரிடம் "வயித்துல ஒரு மாதிரியா இருக்கு" என்று அம்மா சொல்லி, எட்டு மாதம் வாயு மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள். இவள் சொன்னது ஒரு வயிறு, அவருக்குக் கேட்டது இன்னொரு வயிறு. கூடுதலாக ஒரு கேள்வி அவர் கேட்டிருக்கலாம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

ஆனால் வயிறு என்று சொன்னது அம்மாவின் அறியாமை இல்லை. அது நம் மொழியின் பழைய பழக்கம். புறநானூற்றில் 86ஆம் பாட்டு, காவற்பெண்டு பாடியது. உன் மகன் எங்கே என்று தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பவளிடம் ஒரு தாய் சொல்கிறாள்: "புலி சேர்ந்து போகிய கல்அளை போல, ஈன்ற வயிறோ இதுவே." புலி தங்கிவிட்டுப் போன குகை மாதிரி, அவனைப் பெற்ற வயிறு இதோ இருக்கிறது, அவனைப் போர்க்களத்தில் போய்ப் பார். அங்கே வயிறு என்றால் கருப்பைதான். இன்றைக்கும் "என் வயித்துல பொறந்தவன்", "பெத்த வயிறு பத்தி எரியுது" என்றுதான் சொல்கிறோம். இரைப்பைக்கும் கருப்பைக்கும் ஒரே சொல். ஒப்பாரிக்கு அது போதும், மருத்துவரின் மேசைக்கு முன்னால் போதாது.

சரி, கிளினிக்குக்கு வருகிறேன். சிஸ்டரிடம் நான் இடைமறித்து, வயிறு இல்லை, வஜைனா பக்கம் என்று இங்கிலீஷில் சொன்னேன். நாக்கு ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. அவர் உடனே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அங்கிருந்து ரத்தம் வருகிறதா என்று கேட்டார். அம்மாவிடம் திரும்பினேன். வாய் திறந்தது, சொல் வரவில்லை. நாள் முழுக்கத் தமிழில் பேசி, தமிழில் எழுதி, சனிக்கிழமைதோறும் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவள் நான். "மர்ம உறுப்பு" மனதில் வந்தது, தள்ளினேன். "பிறப்புறுப்பு" வந்தது, அம்மாவுக்குப் புரியுமா என்று தயங்கினேன். கடைசியில் "ஒண்ணுக்குப் போற எடத்துலேர்ந்து ரத்தம் வருதா?" என்று கேட்டேன்.

அது தப்பு. சிறுநீர் வரும் துவாரம் வேறு, குழந்தை வரும் வழி வேறு. பள்ளியில் படித்தவள் நான், எனக்குத் தெரியும். இருந்தும் அந்தத் தப்பைத்தான் சொன்னேன். அம்மா "இல்லையே, ஒண்ணுக்கு நல்லாத்தான் போகுது" என்றாள். என் கேள்விக்கு அது சரியான பதில். சிஸ்டருடைய கேள்விக்கு அது முழுப் பொய்.

அப்போதுதான் அம்மா ஒன்று செய்தாள். இடது கையைக் குவித்துக் கிண்ணம் போல் வைத்து, வலது கையை முஷ்டியாக்கி அதற்குள் நுழைத்தாள். பிறகு முஷ்டியை மெதுவாக, கிண்ணத்தின் அடி வழியாகக் கீழே நழுவவிட்டாள். பாதி வெளியே வந்ததும் நிறுத்தி, சுட்டுவிரலால் அதை மறுபடி மேலே தள்ளிக் காட்டினாள். முகம் சுவரைப் பார்த்திருந்தது. நான் மொழிபெயர்க்கும் முன்பே சிஸ்டருக்குப் புரிந்துவிட்டது.

"இசிபெலெத்தோ" என்றார். கருப்பை. அது இறங்கியிருக்கிறது.

ஊரில் அடி இறங்குவது என்பார்கள். மருத்துவர்கள் கர்ப்பப்பை இறக்கம் என்பார்கள். இடுப்பின் அடியில் தொட்டில் மாதிரி தாங்கிப் பிடிக்கும் தசைகள் பிரசவங்களில் தளர்ந்து, மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்து இன்னும் மெலிந்து, குடமும் மூட்டையும் தூக்கித் தூக்கி விட்டுக்கொடுத்துவிடும். அம்மாவுக்கு அது நடந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நடக்கும்போது துணியில் உரசிப் புண்ணாகி, அதிலிருந்துதான் ரத்தம்.

மருத்துவர் வரும்வரை காத்திருந்தபோது சிஸ்டர் அந்த ஜூலுச் சொல்லை எனக்கு விளக்கினார். "உகுபெலெத்தா" என்றால் குழந்தையை முதுகில் கட்டிச் சுமப்பது, பெறுவதற்கும் அதே சொல்தான். எழுந்து, முதுகில் துணியை இழுத்துக் கட்டுவதுபோல் செய்தும் காட்டினார். அந்த வினையிலிருந்து வந்ததுதான் இசிபெலெத்தோ. அதன் அடிப்பகுதிக்கு "உம்லோமோ வெசிபெலெத்தோ". உம்லோமோ என்றால் வாய். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தமிழிலும் அதுதானே, கருப்பை வாய். லத்தீனில் அதையே செர்விக்ஸ் என்கிறார்கள், கழுத்து என்று பொருள். அவர்கள் ஜாடியைக் கண்டு கழுத்து என்றார்கள். நாமும் ஜூலுக்காரர்களும் வாய் என்றோம். இங்கே பேசும் இன்னொரு மொழியான ஆப்பிரிக்கான்ஸில் கருப்பையை "பார்மூடர்" என்கிறார்கள், பெறும் தாய். மூன்றும் எனக்குப் பிடித்திருக்கின்றன.

ஆனால் வஜைனா? அன்று ராத்திரி அம்மா தூங்கியபின் அந்தச் சொல்லைத் தேடிப் போனேன். நான் அவ்வளவு சுலபமாகச் சொன்னேனே, அது என்ன சொல்?

வாள் உறை. லத்தீனில் வகீனா என்றால் வாளைச் செருகி வைக்கும் உறை. ஐரோப்பிய உடற்கூறு நூல்களில் 17ஆம் நூற்றாண்டில் நிலைத்த பெயர் அது. இங்கே ஆப்பிரிக்கான்ஸில் அதையே நேராக எடுத்து "ஸ்கீட" என்று வைத்திருக்கிறார்கள். கத்தி உறைக்கும் அதே பெயர்தான். கேசரிக்கும் கேக்குக்கும் ஊற்றுகிறோமே வெனிலா, அதுவும் இந்தச் சொல்லின் பேத்தி. ஸ்பானிய மொழியில் சின்ன உறை, அதாவது சின்ன நெற்று. வெனிலாவின் நீளமான காயைப் பார்த்து வைத்த பெயர்.

உறை என்றால் யாருக்கு உறை? வாளுக்கு. ஒரு பெண்ணின் உறுப்புக்குப் பெயர் வைக்கும்போது, அதில் எது நுழைகிறது என்பதை மட்டும் நினைத்து வைத்திருக்கிறார்கள். அதன் வழியாக யார் வெளியே வருகிறார்கள் என்பதை நினைக்கவில்லை. வெளிப்பகுதிக்கு வைத்த பெயர் இன்னும் மோசம். புடெண்டம். வெட்கப்பட வேண்டியது என்று பொருள். ஆப்பிரிக்கான்ஸில் அந்த இதழ்களுக்கு "ஸ்காம்லிப்பெ", வெட்க உதடுகள். 2019இல் வந்த சர்வதேச உடற்கூறுச் சொற்பட்டியல் புடெண்டம் என்ற பெயரை விட்டுவிட்டது. ஆனால் அந்தப் பகுதிக்குப் போகும் நரம்புக்கு இன்னமும் அதே வெட்க நரம்புப் பெயர்தான்.

இப்போது நம் சொல்லுக்கு வருகிறேன். யோனி.

இது வடமொழிச் சொல். வேதத்தில் அதற்கு இருப்பிடம், அமரும் இடம், பிறந்த இடம் என்றெல்லாம் பொருள் வரும். வேள்வித்தீ அமரும் இடத்தையும் யோனி என்றார்கள். ஒன்று எதிலிருந்து தோன்றியதோ அது அதற்கு யோனி. பெண்ணின் உறுப்புக்கு அந்தப் பெயர் வந்தது இந்தப் பொருளோடுதான். உறை இல்லை, வெட்கம் இல்லை, ஊற்றுக்கண். அதிலிருந்து பிறவி வகைக்கும் யோனி என்ற பெயர் வந்தது, 84 லட்சம் யோனி பேதம் என்போம். தாயின் வயிற்றில் பிறக்காத சீதையையும் திரௌபதியையும் அயோனிஜை என்போம். சரக சம்ஹிதையும் சுசுருத சம்ஹிதையும் யோனி நோய்கள் என்று 20 வகை சொல்கின்றன. வெளிவாயில், உள்வழி, கருப்பை எல்லாவற்றையும் சேர்த்து அந்த ஒரு சொல்லால் சொல்வது அங்கே உண்டு. ஆக இது வைத்தியர்கள் கூச்சமில்லாமல் புழங்கிய சொல்.

வைத்தியர்கள் மட்டுமா? என் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்த்த நாள் நினைவுக்கு வந்தது. எனக்குக் கார்த்திகை, அவருக்குத் திருவோணம். பத்துப் பொருத்தத்தில் ஐந்தாவது யோனிப் பொருத்தம். நட்சத்திரத்துக்கு ஒரு மிருகம் வைத்திருப்பார்கள். எனக்கு ஆடு, அவருக்குக் குரங்கு. இரண்டும் பகை. கூடத்தில் பாய் விரித்து என் பெரியப்பா, மாமா, அத்தை, மாப்பிள்ளை வீட்டார், ஜோசியர் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். "யோனி சேரல, மத்தது எட்டு சேருது" என்று ஜோசியர் உரக்கச் சொன்னார். "யோனி சேராட்டி பரவாயில்ல, ரஜ்ஜு இருக்கில்ல" என்றார் பெரியப்பா. காபி கொண்டுவந்த அம்மாவும் "யோனி மட்டுந்தான் இல்லையா?" என்று கேட்டாள். அரை மணி நேரம் அந்தச் சொல் கூடத்தில் உருண்டது. யாரும் முகம் சிவக்கவில்லை, சின்னப் பிள்ளைகளை வெளியே போகச் சொல்லவில்லை. பஞ்சாங்கத்தில் அச்சடித்திருக்கிறது, சுவரில் ஆணியடித்துத் தொங்குகிறது.

மறுநாள் காலை அம்மாவுக்குக் காபி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அம்மா, அந்த எடத்துக்குப் பேரு யோனி."

கோப்பையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "யோனிப் பொருத்தம்னு சொல்லுவாகளே, அந்த யோனியா?"

"அதேதான்."

"அதுவா இது?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தாழ்ந்த குரலில், பாடுவதுபோல, "யானை முதலா எறும்பீறாய, ஊனமில் யோனியின் உள்வினை பிழைத்தும்" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. போற்றித் திருவகவல். திருவாசகத்தில் வருவது. அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோயில் பஸ்ஸில் அரை மணி நேரம். மாணிக்கவாசகர் குருந்த மரத்தடியில் குருவைக் கண்ட திருப்பெருந்துறை அதுதான். அம்மா சின்ன வயதிலிருந்து அங்கே போய்வருகிறவள், திருவாசகம் அவளுக்குப் பாதிக்கு மேல் மனப்பாடம். நாற்பது ஐம்பது வருஷமாக அந்தச் சொல்லைச் சாமி முன்னால் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அது தன் உடம்பில் இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த அடிக்கு உரைகாரர்கள் சொல்லும் பொருள், யானை முதல் எறும்பு வரை குறைவில்லாத பிறவி வகைகள் என்பது. அதை நான் மாற்றிச் சொல்ல வரவில்லை. ஆனால் மாணிக்கவாசகர் அங்கேயே நிற்கவில்லை. அடுத்த அடியிலேயே "மானுடப் பிறப்பினுள் மாதா உதரத்து" என்று தாயின் வயிற்றுக்குள் போய்விடுகிறார். ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்து பத்தாம் மாதத்தில், "தக்க தசமதி தாயொடு தான்படும் துக்க சாகரத் துயரிடைப் பிழைத்தும்" என்கிறார். தாயொடு தான்படும். பிறக்கிற பிள்ளை படும் துன்பத்தைச் சொல்லும்போது, கூடவே தாய் படுவதையும் விடாமல் சொன்ன வரி. பிரசவத்தை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்த ஒருவர் யோனி என்ற சொல்லுக்கு முன்னால் வைத்த அடைமொழி ஊனமில் என்பது. ஐரோப்பாவில் வெட்கப்பட வேண்டியது என்று பெயர் வைத்த உறுப்பை நினைத்துக்கொண்டு இந்த வரியைப் படித்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆவுடையார்கோயில் கருவறையில் லிங்கம் கிடையாது, தெரியுமல்லவா? ஆவுடையார் மட்டும்தான், லிங்கத்துக்குக் கீழே இருக்கும் அந்தப் பீடம். சிற்ப நூல்களில் அதற்கு யோனி என்றும் பெயருண்டு. ஆன்மநாதருக்கு உருவம் இல்லை, அதனால் பீடத்துக்கே பூசை. புழுங்கல் அரிசிச் சோற்றை வடித்துச் சுடச்சுடக் கொண்டுவந்து படைகல்லில் கொட்டுவார்கள், பக்கத்தில் கீரையும் பாகற்காயும். அந்தச் சோற்றிலிருந்து எழும் ஆவிதான் நைவேத்தியம். சின்ன வயதில் அம்மாவின் இடுப்பில் இருந்தபடி அந்த ஆவியைப் பார்த்தது நினைவிருக்கிறது. வெந்த அரிசி வாசனை, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கல், அம்மாவின் வேர்வை. அந்த அறைக்குப் பெயரே கருவறை. கரு இருக்கும் அறை. வடமொழியில் கர்ப்பக்கிரகம். கோயிலின் நடு இடத்துக்கும் பெண்ணின் நடு இடத்துக்கும் நாம் ஒரே பெயரை வைத்திருக்கிறோம்.

எனக்கு இன்னொரு கடன் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் சனிக்கிழமை வகுப்பில் இதே அகவலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இங்கே பிறந்த பிள்ளைகள், நாலாவது ஐந்தாவது தலைமுறை. தமிழ் எழுத்து இன்னும் கைவராததால் இங்கிலீஷ் எழுத்தில் அச்சடித்த தாளை வைத்துப் பாடுவார்கள், உச்சரிப்பு அருமையாக இருக்கும். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கி, "ஆன்ட்டி, யோனின்னா என்ன?" என்று கேட்டாள். "பிறவி வகை" என்று சொல்லி அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அது சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். மீதிப் பாதியைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அவள் முகத்தில், இவள் எதையோ மறைக்கிறாள் என்ற எண்ணம் ஓடியதை நான் பார்த்தேன்.

பழந்தமிழில் அல்குல் என்று ஒரு சொல் இருந்தது. சங்கப் பாட்டுகளில் நிறைய வரும். தழை உடுத்திய அல்குல், மேகலை அணிந்த அல்குல், தேர்த்தட்டைப் போல அகன்ற அல்குல், பாம்பின் படம் போன்ற அல்குல். அது இடுப்பா, இடுப்புக்குக் கீழா, குறியா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்குத் தோன்றுவது, அந்தக் காலத்துப் பெண்ணுக்கு அதெல்லாம் சேர்ந்த ஓரிடமாக இருந்திருக்கும், பெயர் சொல்லத் தயங்காத இடமாக இருந்திருக்கும் என்பதுதான். பின்னால் அந்தச் சொல்லும் மேடையில் படிக்கக் கூசும் சொல்லாகிப் போனது.

இன்றைக்குப் பத்திரிகைத் தமிழில் என்ன இருக்கிறது? மர்ம உறுப்பு. மர்ம நபர், மர்மக் காய்ச்சல், மர்ம உறுப்பு. வடமொழியில் மர்மம் என்றால் உயிர்நிலை, அடிபட்டால் உயிர் போகும் இடம். அந்தப் பொருளில் தொடங்கிய சொல்தான். ஆனால் இப்போது படிக்கிறவருக்கு மர்மம் என்றால் மறைத்து வைத்தது, சந்தேகத்துக்குரியது. ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமையை எழுதும்போது அவள் உடம்பின் ஒரு பகுதியை மர்மம் என்று எழுதுவதை நான் வெறுக்கிறேன். அந்தரங்க உறுப்பு என்பது கொஞ்சம் தேவலை. ஜூலுவிலும் மரியாதையாகச் சொல்ல "இசித்தோ சங்காசெசே", அந்தரங்க உறுப்பு என்றுதான் சொல்வார்களாம். அதை நான் குறை சொல்லவில்லை, மறைவாக வைத்துக்கொள்ள எல்லாருக்கும் உரிமை உண்டு. மறைத்து வைக்கும் பொருளுக்கும் வீட்டில் ஒரு பெயர் இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

பெயர் இல்லாமல் போனால் என்னவாகும் என்பதற்கு என் பக்கத்து வீட்டு ஆயாவைச் சொல்வேன். ஆயாவுக்கு 79 வயது. 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்ததிலிருந்து தொடங்கிய கரும்புத் தோட்டக் கூலிகளின் கதையில் அவர் குடும்பமும் உண்டு. ஆயாவிடம் மிஞ்சியிருக்கும் தமிழ் எல்லாம் அடுப்படித் தமிழ். புளி, ரசம், முருங்கை, அம்மி, கறிவேப்பிலை. உடம்பில் தலை, காது, வயிறு, கால். சாமி பெயர்கள், சில பாட்டு. அவ்வளவுதான். இந்த உறுப்புகளில் ஒன்றுக்கும் அவரிடம் தமிழ்ச் சொல் இல்லை. எல்லாமே இங்கிலீஷ். மொழி தேயும்போது எந்தச் சொல் முதலில் போகிறது என்று பார்த்தால், தாய் மகளுக்குச் சொல்லாத சொல்தான் முதலில் போகிறது. கப்பலில் வந்த அந்தப் பாட்டிகள் பிரசவம் பார்த்துக்கொண்டார்கள், பிள்ளை பெற்றார்கள், ஏதோ ஒரு சொல்லை நிச்சயம் வைத்திருந்திருப்பார்கள். அது ஒருவரிடமும் தங்கவில்லை. 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க அரசமைப்பில் வளர்க்கப்பட வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பெயர் இருக்கிறது. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அந்தச் சொல்லை எந்தச் சட்டத்தால் திருப்பிக் கொண்டுவர முடியும்?

அம்மாவின் கதையை முடிக்கிறேன். மருத்துவர் பார்த்தார், பெண் மருத்துவர். கருப்பை வாயிலிருந்து மாதிரி எடுத்து அனுப்பினார். பத்து நாள் எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புற்று எதுவும் இல்லை என்று வந்தது. புண் ஆற ஈஸ்ட்ரோஜன் களிம்பு கொடுத்தார். ஆறியதும் வளையம் வைத்தார். வளையல் மாதிரி, ஆனால் மெத்தென்று, விரலால் அழுத்தினால் எட்டு வடிவமாக மடங்கும் சிலிக்கான் வளையம். அதை மடித்து உள்ளே வைத்ததும் விரிந்து, கருப்பையைக் கீழே விடாமல் தாங்கிக்கொள்ளும். பெஸரி என்று பெயர். கிரேக்கத்தில் பெஸோஸ் என்றால் கட்டம் போட்டு விளையாடும் ஆட்டத்தின் காய், உருண்டைக் கல். அந்தக் காலத்துக் கிரேக்க வைத்தியர்கள் இதற்கு மாதுளம் பழத்தைப் பாதியாக நறுக்கி உள்ளே வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகப் பெண்களுக்கு இதே தொந்தரவு, இதே மாதிரி ஒரு தாங்கல். அதைச் சொன்னபோது அம்மா, "மாதுளம்பழமா!" என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள்.

வளையம் வைத்துக்கொண்டு வெளியே வந்தவள் கிளினிக் வாசலில் நாலைந்து அடி நடந்தாள். நின்றாள். திரும்பி நடந்தாள். "ஒண்ணும் எறங்கல" என்றாள். கால்களை இவ்வளவு சேர்த்து வைத்து அவள் நடந்ததை இரண்டு வருஷமாக யாரும் பார்த்திருக்கமாட்டார்கள், நானும் வீடியோ காலில் முகத்தை மட்டும்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆயா வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தன் அடிவயிற்றைத் தட்டிக் காட்டி, ஒன்பது வருஷமாகத் தனக்கும் வளையம் இருக்கிறது என்றார். எனக்கே அன்றுதான் தெரியும். இருவருக்கும் பொதுவாக இருந்தது இருபது தமிழ்ச் சொற்கள் இருக்கும். நான் இருபத்தோராவதைச் சொன்னேன். ஆயா இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், "யோனி, யோனி" என்று. திருவாசகத் தாளில் அந்த வரி எங்கே வருகிறது என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் அந்தப் பெண்ணிடம் மீதிப் பாதியையும் சொன்னேன். முன்கூட்டியே அவள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன், அவர் சரி என்றார். ஐந்து நிமிஷம் ஆனது. அவள் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

அம்மா டிசம்பரில் ஊருக்குக் கிளம்பினாள். வளையத்தை மூன்று மாதம், அதிகம் போனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி, உள்ளே புண் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி வைக்க வேண்டும். அங்கே யாரிடம் போனாலும் வாய் குழறாமல் இருக்க ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: "எனக்குக் கருப்பை இறங்கியிருந்தது. யோனிக்குள் வளையம் வைத்திருக்கிறார்கள். வைத்த தேதி செப்டம்பர் 4. வளையத்தை எடுத்துச் சுத்தம் செய்து, யோனியில் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்." நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள்.

போன வியாழக்கிழமை போனில் பேசினாள். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். தாளை எடுத்தாயா என்று கேட்டேன். எடுக்கவில்லையாம். சுருக்குப்பை அண்ணி கையில் இருந்தது, அண்ணி வெளியே நின்றாளாம்.

"அப்புறம் என்ன சொன்ன?"

"யோனிக்குள்ள வளையம் வச்சிருக்கு, பாத்து விடுங்கன்னு சொன்னேன்" என்றாள். "புண்ணு இல்லையாம். அடுத்தது ஜூன் மாசம் வரச் சொல்லியிருக்காக."